கட்டிலில் கிடப்பவர் சொல்வதை முதலில் எழுது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்ன அந்த நோயாளியின் கதைக்கு உடனே மறுமொழி சொல்ல நினைத்தேன். நைற் டியூட்டி முடிந்த களைப்பு உன் குரலில் தெரிந்தது. அதோடு போனில் கதைத்தால் பாதியில் லைன் அறும், மீதியில் அம்மா பறித்துவிடுவா. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர். மாக்கட்டுப் போட்டிருக்கிறது. நோவுக்கு ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஊசி கேட்கிறார். ஆனால் ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் பேரப்பிள்ளையோடு சிரித்துக் கதைக்கிறார். அதனால் வாட்டில் எல்லாரும் "அது சும்மா நடிப்பு" என்கிறார்கள். உனக்கும் அரை மனம் அப்படித்தான் போகிறது. இதுதானே சங்கதி?

சிரிக்கிறவருக்கு நோவு இல்லை என்று எந்தப் படிப்பிலும் இல்லை. பேரனோடு கதைக்கும்போது மனம் அங்கே போகிறது, நோவு கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நிற்கிறது. பிள்ளை போனதும் அது திரும்பி வரும். பேரன் முன்னால் முகத்தைச் சுளிக்கக் கூடாது என்று பல்லைக் கடிக்கிற தாத்தாமாரும் நிறைய உண்டு. நாடித் துடிப்பும் பிரஷரும் கூடவில்லை என்பதை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதே. புதிதாய் வந்த நோவில் அவை ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். நாள்பட்ட நோவில் உடம்பு அதற்குப் பழகிவிடும். நாடி 76 இல் நிற்கும், ஆள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார்.

மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கத் தாதி 1968 இல் எழுதியது இன்றைக்கும் எங்கள் தொழிலுக்கு அடிக்கல். அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது என்றார். அதைச் சொன்னவர் ஒரு நேர்ஸ் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020 இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோதும், ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும், சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள்.

சரி, மதிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் நோயாளி விஷயத்தில் எனக்கு வந்த பயம் வேறு. எலும்பு முறிந்த காலில், மருந்து கொடுத்த பிறகும் நோவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நடிப்பா என்று யோசிக்க முன்னம் காலைப் பார். மாக்கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களைத் தொடு. நீயே பிடித்து மெல்ல மேல்நோக்கி வளை. அப்போது ஆள் துடித்துப் போகிறாரா? விறைக்குது, ஊசி குத்துற மாதிரி இருக்குது என்கிறாரா? தசைகளைச் சுற்றிய உறைக்குள் வீக்கம் ஏறி இரத்த ஓட்டத்தை நெருக்கினால் முதலில் வருகிற அறிகுறி இந்த நோவுதான். பாதத்தில் நாடி கிடைக்குது என்று ஆறுதல் அடையாதே, அது கடைசி மட்டும் கிடைக்கலாம். ஆறு மணித்தியாலம் கடந்தால் தசை சாகத் தொடங்கிவிடும். இப்படி இருந்தால் காலைத் தலையணை மேல் உயர்த்தாமல் நெஞ்சு மட்டத்தில் வைத்துவிட்டு உடனே டொக்டரைக் கூப்பிடு. நித்திரையில் இருந்தாலும் எழுப்பு. ஏசினால் ஏசட்டும். "நடிப்பு" என்ற ஒரு சொல்லால் கால் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் கடிதம் வந்து சேர நாளாகும், அதனால் இதை மட்டும் இன்றைக்கே மெசேஜில் அனுப்பிவிடுகிறேன்.

இனி, எங்கள் ஆட்களைப் பற்றி. உன் வாட்டில் கூடக் கேட்கிறவர்தான் உனக்குத் தலையிடி. வன்னியில் எனக்குத் தலையிடியாக இருந்தது கேட்கவே கேட்காதவர்கள். வயிற்றில் ஒப்பரேசன் முடிந்து வந்த ஒரு கமக்காரர், இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர். "ஐயா, பத்துக்கு எத்தனை நோவு?" என்று கேட்டேன். "ரெண்டு போடுங்கோ தம்பி, மற்ற ஆக்களைப் பாருங்கோ" என்றார். ரெண்டு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மனுசன் மூச்சை மேலோட்டமாக, அரை அரையாக இழுக்கிறார். இருமல் வந்தால் கட்டில் கம்பியைப் பிடித்து அதை விழுங்குகிறார். போர்வை ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கிறது, அதாவது ராத்திரி முழுக்க அசையவே இல்லை. செல்லடிக்குள் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனுசனிடம் போய், நீங்கள் அறிந்த ஆகப் பெரிய நோவு பத்து என்றால் இது எத்தனை என்று கேட்டால் அவர் எதைப் பத்து என்று வைப்பார்? இலக்கத்தில் பிழை இல்லை. அவருடைய அளவுகோல் எங்கள் அளவுகோல் இல்லை.

அதனால் இலக்கத்தைக் கேட்டு எழுது, அதோடு நில்லாதே. நித்திரை வந்ததா? இருமினீங்களா? பாத்ரூமுக்கு எழும்பிப் போக முடியுதா? சோறு இறங்கினதா? அந்த ஐயாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்து இருமக் காட்டிக்கொடுத்தேன். நோவு அடங்காமல் ஆழமாக மூச்சு எடுக்க முடியாது. ஆழமாக மூச்சு எடுக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா வரும். "நோவைத் தாங்குவது கெட்டித்தனம் இல்லை ஐயா, சுவாசப்பைக்குக் கூடாது" என்று சொன்ன பிறகுதான் அவர் மருந்துக்கே சம்மதித்திருந்தார். எங்கள் ஆட்களுக்குக் காரணம் சொன்னால் போதும், கேட்பார்கள்.

நோவு எப்படி இருக்குது என்று அவர்களின் வாயாலேயே சொல்ல விடு. எரியுது, கரண்ட் அடிக்குது, எறும்பு ஊருது, சீலை பட்டாலே தாங்கேலாது என்றால் நரம்பு சம்பந்தப்பட்டது. பனடோல் அதைத் தொடாது. அமிற்றிப்ரிலின், கபாபென்ரின் போன்ற நரம்பு நோவு மருந்துகளுக்குத்தான் அது கொஞ்சம் அடங்கும். டொக்டருக்குச் சொல்லும்போது "பேஷன்ற்றுக்கு நோவாம்" என்று மொட்டையாகச் சொல்லாமல் இந்தச் சொற்களையே சொல்லு. அரை வாசி மருந்துத் தெரிவு அதில்தான் இருக்கிறது.

வன்னியில் வேலை செய்தவனுக்கு இந்த நரம்பு நோவு நல்ல பழக்கம். கண்ணிவெடியில் கால் போன பொடியன் ஒருவன், இல்லாத காலின் பெருவிரலை யாரோ முறுக்குகிறார்கள் என்று ராத்திரி அழுவான். தாய்க்கு அவன் மூளை பிசகிவிட்டதோ என்று பயம். இது மனப்பிரமை இல்லை, மூளைக்குள் அந்தக் காலின் படம் இன்னும் அழியவில்லை, நோவு மெய்யானது என்று தாயை இருத்திச் சொன்னேன். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990 களில் இதற்குக் கண்ணாடி வைத்து ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். இருக்கிற காலுக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தினால், போன கால் திரும்பி வந்த மாதிரித் தெரியும். அதைப் பார்த்தபடி மெல்ல அசைக்க வேண்டும். நாங்கள் உடைந்த அலுமாரி ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி விளிம்புக்குப் பிளாஸ்ரர் ஒட்டி வைத்திருந்தோம். சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. அந்தப் பொடியனுக்குக் கொஞ்சம் கேட்டது.

முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் இன்னொரு பாடம். உணர்வில்லை, ஆகவே நோவில்லை என்று நினைக்காதே. நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முள்ளந்தண்டு பழுதான ஒருவருக்குத் திடீரென்று தலை பிளக்கிற இடி, முகம் சிவந்து வேர்வை, பிரஷர் எங்கேயோ நிற்கிறது என்றால் தலையிடிக் குளிசையைத் தேடாதே. ஆளை நிமிர்த்தி இருத்து. இறுக்கமான உடுப்பைத் தளர்த்து. சிறுநீர் போகிற சலக் குழாய் மடிந்து கிடக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார். நிரம்பிய சலப்பையின் நோவை அந்த உடம்பு அப்படித்தான் சொல்கிறது. குழாயைச் சரிசெய்தால் சில நிமிடத்தில் இறங்கும். இறங்காவிட்டால் டொக்டர் வரவேண்டும், பிந்தினால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

வாய் திறந்து சொல்லாத மற்ற இரண்டு கூட்டம் குழந்தைகளும் மறதி நோய்க்காரரும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, நோவின் அளவைச் சிரிப்பு முகத்திலிருந்து அழுகை முகம் வரை காட்டுகிற அந்த ஆறு முகப் படத்தைக் காட்டலாம். டொனா வோங் என்ற தாதியும் கொனி பேக்கரும் 1980 களில் பிள்ளைகளிடமே கேட்டுக் கேட்டு உண்டாக்கியது. படத்தைக் காட்டிப் பிள்ளையைத்தான் தெரிவு செய்ய விட வேண்டும். நீ பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் படத்தோடு ஒப்பிடுவது இல்லை, இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். கைக்குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்று ஐந்தையும் பார்த்துப் புள்ளி போடு. அதிலும் அழுகிற பிள்ளையை விட அழுது ஓய்ந்து அசையாமல் கிடக்கிற பிள்ளையைக் கவனி. மறதிக்காரரிடமும் முதலில் கேள், சொல்லக்கூடியவர் சொல்லுவார். சொல்ல முடியாவிட்டால், குளிக்க வார்க்கும்போது, புரட்டும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார். வீட்டில் பார்க்கிற மகளிடம் கேள், அவளுக்குத் தெரியும்.

கடும் நோவுக்குக் கொடுக்கிற மோர்பின் என்றால் இப்போதும் சிலருக்குக் கை நடுங்குகிறது. பழக்கமாகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்று. அமெரிக்காவில் 1990 களில் நாடி, மூச்சு, பிரஷர், உடல் வெப்பம் போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறி என்று சொல்லி இலக்கத்தைக் குறைப்பதே குறி என்று ஓடினார்கள். அந்தக் காலத்தில் மோர்பின் வகை மாத்திரை மிதமிஞ்சி எழுதப்பட்டுப் பெரிய அழிவு வந்தது, பிறகு அந்தச் சுலோகத்தைக் கைவிட்டார்கள். அது அவர்களின் கதை. தெல்லிப்பழைக்குப் போய்வருகிற எங்கள் புற்றுநோய்க்காரருக்கு நேர் எதிர்க் கதை, கிடைக்க வேண்டியதே கிடைக்காமல் போவது. உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே சொல்லிவிட்டது: வாயால் கொடு, மணிக்கணக்குப்படி கொடு. நோவு வந்து கத்தட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பது கூரை பற்றிப் பிடித்த பிறகு தண்ணீர் தேடிக் கிணற்றடிக்குப் போவது மாதிரி. மோர்பின் ஊசி போட்டால் ஆள் எவ்வளவு தூங்கி வழிகிறார் என்பதை முதலில் பார். மூச்சு குறைய முன்னம் அந்த மயக்கம்தான் வரும். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணு, கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதே. பத்துக்குக் கீழே போனால், எழுப்ப எழும்பாவிட்டால், உடனே கூப்பிடு; மோர்பினை முறிக்கிற நலோக்சோன் மருந்து எங்கே இருக்கிறது என்று டியூட்டி எடுக்கும்போதே பார்த்து வை. மலச்சிக்கலுக்கு மருந்து முதல் நாளே தொடங்க வேண்டும்.

நோவு மருந்தை இரத்த நாளத்தில் போட்டால் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம், வாயால் கொடுத்தால் ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு திரும்பப் போய் "இப்ப எப்படி?" என்று கேள். அதை நோயாளியின் ரிக்கற்றில் எழுது. மருந்து கொடுத்தது எழுதியிருக்கும், கேட்டது எழுதியிருக்காது. எத்தனை வாட்டில் பார்த்திருக்கிறேன்! வலி பார்ப்பதில் டொக்டரால் செய்ய முடியாததும் நேர்ஸ் செய்யக்கூடியதும் இந்தத் திரும்பிப் போவதுதான். அவர் ரவுண்ட்ஸ் முடிந்து போய்விடுவார், நீ அங்கே நிற்கிறாய்.

2009 இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஆஸ்பத்திரி இடம் மாறிக்கொண்டே போனபோது மயக்க மருந்துக்கும் வலி மருந்துக்கும் பெரிய தட்டுப்பாடு. அதைப் பற்றி நீ சின்னனிலிருந்து கேட்டிருக்கிறாய், நான் அதிகம் சொன்னதில்லை. இப்போதும் அதிகம் சொல்லப் போவதில்லை. காயத்தில் ஒட்டிய துணியைச் சேலைனால் ஊறவைத்து, அதுவும் இல்லாதபோது கொதித்து ஆறிய தண்ணீரால் ஊறவைத்து, மெல்ல எடுப்பது. தொட முன்னம் "இப்ப தொடப் போறன்" என்று சொல்வது. மணிக்கட்டைப் பிடித்து மூச்சை எண்ண வைப்பது. இவை நோவைக் குறைக்கும், மெய்தான். ஆனால் மருந்து இருக்கிற வாட்டில் இவை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இல்லாத இடத்தில் நின்றவன் சொல்கிறேன். டிரெசிங்குக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னமே மருந்து கொடுத்துவிடு. அதற்கு டொக்டரிடம் முதலே எழுதி வாங்கி வை.

இங்கே அறுவடை தொடங்கிவிட்டது. நாரிப் பிடிப்பு என்று ஃபார்மசியில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசையை வாங்கி, வெறுவயிற்றில், வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் விழுங்கிக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள். சிறுநீரகம் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் படலையில் நின்று பேசிக்கொண்டேயிருக்கிறேன். ரிட்டயர் ஆனவனின் பேச்சுக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான். அம்மாவுக்கு முழங்கால் நோ. பனடோல் நாளுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி அலுமாரியில் ஒட்டியிருக்கிறேன், அவ ஒன்று போடவே மறுக்கிறா. நீ ஒருக்காப் போனில் சொல்லு, உன் சொல் எடுபடும்.

அந்தக் கால் முறிந்தவரின் விரல்களைப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடு. லீவு எப்போது என்று முன்னமே தெரிந்தால் எழுது, ரெயினில் சீற் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
வட்டக்கச்சி, கிளிநொச்சி