ஆமை முதுகில் ஒட்டிய கருவி பற்றி நீ கேட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மறுபடி காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு ராத்திரியில் கொஞ்சம் நேரம் கிடைத்தாலும் அது கடலாமைகளைப் பற்றிப் படிப்பதிலேயே போய்விடுகிறது. நீ கேட்டிருந்த கேள்வியை, முட்டையிட வந்த வாயில்லா ஜீவன் முதுகில், அது போகும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே காட்டும் ஒரு கருவியை ஒட்டி அனுப்புவது பாவமில்லையா, அது எங்கே போனால் நமக்கென்ன என்று கேட்டாயே, அதை நானும் பல நாள் மனதில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் எப்படி ஒட்டுகிறார்கள் என்று சொல்கிறேன். முட்டையிட்டு முடித்துக் கடலுக்குத் திரும்பும் ஆமையைத் தடுத்து நிறுத்தி, ஓட்டின் உயரமான இடத்தில் இருக்கும் பாசியையும், ஓட்டில் ஒட்டிக்கொண்டு வளரும் கொட்டலசு என்ற சின்ன உயிரிகளையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, எப்பாக்சி பசை வைத்துக் கருவியை ஒட்டுகிறார்கள். மேலே இருக்கும் தகடு நம் நகம் மாதிரியான பொருள்தான், ஆனால் அதற்குக் கீழே உயிருள்ள எலும்பு இருக்கிறது, அதனால் எதுவுமே தெரியாது என்று சொல்ல மாட்டேன். எடையைவிடத் தண்ணீரின் இழுவைதான் கவலை, சின்ன ஆமைக்கு அது பெரிய சுமை. அதனால்தான் கருவியை வழவழப்பாக, தட்டையாகச் செய்கிறார்கள். சில மாதத்திலிருந்து ஓரிரு வருடத்துக்குள் அது தானே கழன்றுவிடும். ஆமை மூச்சு விட மேலே வரும்போது மட்டும் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் போகும், உப்புத் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை கருவி சும்மா இருக்கும்.

இதற்கு முன்னால் இருந்த வழி இதைவிடக் கொடுமை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில் கோஸ்டா ரிகாவின் டோர்டுகேரோ கடற்கரையில் பேராமைகளின் (பச்சை ஆமை என்பார்களே, அதுதான்) துடுப்பில் எண் பொறித்த உலோகத் தகடு மாட்டத் தொடங்கினார். தகட்டைத் திருப்பி அனுப்பினால் பரிசு. தகடுகள் வந்தன, பெரும்பாலும் நிகராகுவா கடலோர மீனவர்களிடமிருந்து. அங்கேதான் அவை மேயும் கடற்புல் வெளிகள் இருக்கின்றன என்று தெரிந்தது. ஆனால் யோசித்துப் பார், தகடு திரும்பி வந்தது என்றால் அந்த ஆமை பிடிபட்டது என்று அர்த்தம், அநேகமாக அறுபட்டும் இருக்கும்.

உயிரோடு மறுபடி கண்ணில் பட்டால்கூடத் தகட்டால் இரண்டு புள்ளிகளைத்தான் சொல்ல முடியும். 2021 மார்ச்சில் ஒடிசாவில் தகடு மாட்டிய பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) ஒன்று 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குகாகரில் முட்டையிட வந்தது, ஞாபகம் இருக்கிறதா? இலங்கையைச் சுற்றி வந்திருந்தால் சுமார் 3,500 கி.மீ. நடுவில் அந்த நாலு வருடம் எங்கே இரை தேடியது, எந்த வலைக்குத் தப்பியது, ஒன்றும் தெரியாது.

அப்புறம் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் சாகோஸ் தீவுகளின் கதை, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அங்கே முட்டையிட்டுத் திரும்பிய, கருவி ஒட்டிய அழுங்காமை (இன்னொரு வகைக் கடலாமை) ஒன்று, 176 கி.மீ. தொலைவில் இருந்த இரைதேடும் இடத்துக்குப் போக 1,306 கி.மீ. நீந்தியிருக்கிறது. நேர்கோட்டில் போகும் மாயத் திறமை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அதெல்லாம் இல்லை. திசை ஓரளவு தெரிகிறது, அவ்வளவுதான். நடுக்கடலில் இடத்தைத் தவறவிட்டுத் தாண்டிப் போகிறது, வளைந்து திரும்புகிறது, தேடுகிறது, விடாமல் தேடிக் கடைசியில் சேர்ந்துவிடுகிறது. அந்த வரைபடத்துக் கோட்டைப் பார்த்தபோது அந்த ஆமையின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அதே தீவுகளைச் சுற்றி 2010இல் மிகப் பெரிய கடல் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே முட்டையிட்ட பேராமைகளுக்குக் கருவி ஒட்டிப் பார்த்தால், பெரும்பாலானவை காப்பகத்தை விட்டே வெளியேறின, ஒன்றிரண்டு ஏறக்குறைய 4,000 கி.மீ. தள்ளி ஆப்பிரிக்கக் கரைவரை போயின. காப்பகத்துக்கு உள்ளேயே, கடலடியில் இருக்கும் ஒரு பெரிய திட்டில் தங்கிவிட்ட ஆமை, எதைத் தின்று அங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்களுக்கு, அதுவரை யாரும் குறித்து வைக்காத கடற்புல் வெளியைக் காட்டிக் கொடுத்தது.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பெண் ஆமை சில வருடத்துக்கு ஒரு முறை, சில வாரங்கள்தான் கரைப்பக்கம் வருகிறது. ஆண் ஆமை அநேகமாகக் கரை ஏறுவதே இல்லை. கூட்டுக்கு வேலி போட்டு, குஞ்சுகளைக் கடலில் விட்டு, நம் கடமை முடிந்தது என்று நினைத்தால், மிச்ச வாழ்க்கை முழுக்க எந்தக் கடலில் எந்த வலைக்கு நடுவே கழிகிறது என்று தெரியாமலே இருந்துவிடுவோம். எந்த மாதம் எந்த இடத்தில் இழுவலை கூடாது என்று ஒரு அரசிடம் கேட்க வேண்டுமானால் கையில் வரைபடம் வேண்டும். அதற்காகச் சில ஆமைகளுக்கு நாம் தொந்தரவு கொடுக்கிறோம். தேவைக்கு மேல் ஒன்றுக்குக்கூட ஒட்டக் கூடாது, ஒட்டிச் சேர்த்த தரவை யாரும் பூட்டி வைக்கவும் கூடாது. அந்த அளவில் உன் பக்கம்தான் நான்.

உன் மகள் கடல் உயிரியல் படிக்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். சரியான துறை, தடுக்காதே. ஆமையின் தோலில் துளியளவு வெட்டி எடுத்து, அதிலிருக்கும் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை) வைத்தே அது எந்தப் பக்கம் மேய்ந்தது என்று ஊகிக்கும் வேலையும் இருக்கிறது, கருவியே வேண்டாம். அவளுக்கு அது பிடிக்கும் என்று தோன்றுகிறது. என்னிடம் பேசச் சொல், வாரக் கடைசியில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்