அல்சூர் மாமாவுக்கு ஹூஸ்டனிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

சேகர் எழுதிக்கொள்வது. நானும் கலாவும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? அம்மாவிடம் சர்க்கரை அளவைக் கேட்டால் "அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். நீங்கள்தான் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். "அங்கே எந்தக் கம்பெனி பிஸ்டலை நம்புகிறார்கள்?" என்று போன வாரம் கேட்டீர்களே, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது அதற்கு எப்படிப் பதில் சொல்வது? நான் ஒரு மிஷின் ஷாப்பில் வேலை பார்ப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. லேத் இருக்கிறது, மில்லிங் மிஷின் இருக்கிறது, வைஸ் இருக்கிறது. வைஸில் இறுக்கியிருப்பது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆகவே இதை ஏரிக்கரைக்கு எடுத்துப் போய், திருவள்ளுவர் சிலை பக்கம் உட்கார்ந்து படியுங்கள்.

கலாவின் நர்ஸ் வேலைக்காக வந்ததால் எங்கள் இருவருக்கும் வந்ததுமே கிரீன் கார்டு கிடைத்தது. நான் நான்கு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளிக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் பதினோரு வருடம் டூல் ரூமில் இருந்தேன் என்று சொன்னதும், ஒரு அரத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்துச் சதுரமாக ராவச் சொன்னார். ராவி முடித்ததும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திங்கட்கிழமை வா என்றார். சர்ட்டிபிகேட்டையெல்லாம் பார்க்கவே இல்லை.

முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிகளில், நம் கமர்ஷியல் தெரு வளையல் கடை போல, பிஸ்டல்கள் வரிசையாகக் கிடக்கும். வாங்குபவர் படிவத்தை நிரப்புவார், கடைக்காரர் அந்த விவரத்தை எஃப்.பி.ஐ.யின் குற்றப் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். 1998 முதல் இந்த ஏற்பாடு. பெரும்பாலும் சில நிமிடங்களில் சரி என்று வந்துவிடும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதாகி, சட்டப்படி தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். நம் தெருக் கோடி வங்கிக் காவலாளி, தேர்தல் அறிவித்தவுடன் தன் டுவெல்வ்-போர் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போவாரே, அதை முதலாளியிடம் சொன்னேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். இந்த நாட்டில் பொம்மையோ குக்கரோ பழுதாக விற்கப்பட்டால் திரும்பப் பெறச் செய்ய அரசாங்கத்தில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கியின் மேல் மட்டும் அதற்கு அதிகாரம் கிடையாது. பழுதென்றால் கம்பெனியே மனம் வைத்துத் திரும்பக் கேட்டால்தான் உண்டு. அதனால்தான் வாய்ச்சொல்லுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாம் நாலு பேரிடம் விசாரிப்பதுபோல விசாரிக்கிறார்கள்.

அப்படி விசாரித்தால் முதலில் வரும் பெயர் கிளாக். ஆஸ்திரியக்காரர் காஸ்டன் கிளாக், பிஸ்டல் செய்வதற்கு முன் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். 1982-இல் அந்நாட்டு ராணுவம் அவருடைய பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. உடல் பிளாஸ்டிக், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை, செங்கல்லுக்குப் பிடி வைத்ததுபோல இருக்கும். வைத்திருப்பவர்கள் யாரும் அதன் அழகைச் சொல்வதில்லை. "வாங்கி எட்டு வருடம், துடைத்ததே இல்லை, சுடுகிறது" என்பார்கள். அப்பா தன் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்வாரே, அதே தொனி. ஆனால் ஒன்று, நீங்கள் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். அதில் விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமானாலும் முதலில் ட்ரிக்கரை இழுத்தாக வேண்டும். குழாய்க்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க மறந்தவன் கதி என்ன ஆகும் என்பதைக் ராணுவ ஆயுத அறையான கோத்தில் இருபது வருடம் ஆயுதம் எண்ணிய உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

அடுத்த பெயர் ஸ்மித் அண்டு வெஸன், அதிலும் ரிவால்வர். முதலாளி வைத்திருப்பது அதுதான், 1899-இல் வந்த மாடலின் வாரிசு. ஒரு காலத்தில் இந்த நாட்டுப் போலீஸ்காரர் பாதிப்பேர் இடுப்பில் அது இருந்ததாம். ஆறு தோட்டா போதுமா என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். "தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி இழு, அடுத்தது வந்து நிற்கும். உன்னுடையதில் அப்போது இரண்டு கையும் வேண்டும்" என்பார். பெரெட்டாவையும் செக் நாட்டு சி.இசட்.டையும் விரும்புகிறவர்கள் தனி ஜாதி. இரும்பின் கனம் கையில் தெரிய வேண்டும் அவர்களுக்கு. நானும் மனதளவில் அந்தப் பக்கம்தான்.

பெரிய பெயரை மட்டும் நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. ரெமிங்டன் 1816-இல் தொடங்கிய கம்பெனி. 2014-இல் ஆர்51 என்று ஒரு பிஸ்டலை ஆரவாரமாக வெளியிட்டு, அதே வருடம் அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி320-ஐத் தேர்ந்தெடுத்தது. அதே வருடம் ஆகஸ்டில், கீழே விழுந்தால் சில கோணங்களில் வெடிக்கலாம் என்ற பேச்சு எழுந்து, பொதுமக்களிடம் இருந்தவற்றுக்கு ட்ரிக்கர் பாகங்களை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அதோடு அந்தச் சண்டை ஓயவில்லை. இன்றைக்கும் எங்கள் கடை வாசலில் இரண்டு பேர் இதைப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

இதெல்லாம் முன்பக்கத்துப் பேச்சு. பின்கட்டுக்கு வருவது வேறு மாதிரி. வந்த புதிதில் ஒருவர் மூவாயிரம் டாலர் பிஸ்டலைக் கொண்டுவந்தார். பெயர் எழுத மாட்டேன். மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தேன், வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல வந்தது. இடைவெளியே தெரியாத பொருத்தம், கை வேலை. நம் டூல் ரூமில் அப்படிச் செய்தவனுக்கு மாலை போடுவோம். முப்பது தோட்டாவுக்கு ஒரு முறை அது சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல், அது வெளியேறும் ஜன்னலில் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. குறை எங்கே என்று இரண்டு நாள் மைக்ரோமீட்டரோடு மல்லாடினேன். முதலாளி வந்து ஒரு விரலால் ஸ்லைடைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். கரியும் எண்ணெயும் மண்ணும் போக இடம் வேண்டாமா என்றார். பீனியாவில் இரண்டு மைக்ரான் தளர்ந்தால் வேலை திரும்பி வரும். இங்கே இறுக்கமாகப் பொருந்தியதுதான் திரும்பி வருகிறது. இது என் மண்டையில் ஏற ஒரு மாதம் ஆயிற்று.

இன்னொன்று. "இந்தக் கம்பெனியே சரியில்லை" என்று திட்டிக்கொண்டே வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கோளாறு பிஸ்டலில் இல்லை, தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினில். தோட்டாவைப் பிடித்திருக்கும் அந்த மேல் உதடு ஒரு நூல் விரிந்திருக்கும். இல்லையென்றால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். சில பேர் மலிவான தோட்டா வாங்கியிருப்பார்கள். சில பேருக்கு மணிக்கட்டே தளர்ச்சி. பின்னுதையைக் கை தாங்கவில்லை என்றால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது. அப்புறம் எப்படிக் கூடு விழும்? நான் புது மேகசினைப் போட்டுச் சுட்டுக் காட்டினால், அது தன் தப்பு என்று ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கம்பெனியைத் திட்டியபடியே பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பெண்கள் வந்தால் கடைக்காரர்கள் உள்ளங்கை அளவுப் பிஸ்டலை எடுத்து நீட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம். சிறியது என்றால் லேசானது, லேசானது என்றால் கையில் அதிகம் உதைக்கும். ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் ஸ்லைடை இழுக்கவே சிரமப்படுவார்கள். பயிற்சிக்கு இரண்டு முறை போய், கை வலித்து, பீரோவில் போட்டுவிடுவார்கள். நம் ஊரில் 2014-இல் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று பெண்களுக்கான .32 ரிவால்வர் கொண்டுவந்ததே, அரைக் கிலோ எடை, விலை 1.22 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அலைகிற எந்தப் பெண்ணுக்காக அந்த விலை வைத்தார்களோ! இங்கே அதில் பாதிக்கும் குறைவான பணத்துக்கு கிளாக் கிடைக்கிறது, 9 மில்லிமீட்டர். நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு அந்தக் குண்டே கிடைக்காது.

பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு மாதம் ஒரு தடவை போகிறோம். தரிசனம் முடிந்து புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வந்து காதோடு கேட்கிறார்கள்: "அண்ணா, எது வாங்கலாம்?" எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் மட்டும் விலக்கு உண்டு. மானைப் படத்தில்கூட உற்றுப் பார்த்திராத ஒரு பிள்ளை, வேட்டை லைசென்ஸுக்கு எங்கே மனுப் போடுவது என்று என்னிடம் கேட்டான். புளியோதரை நன்றாக இருக்கிறது, சாப்பிடு என்றேன்.

எங்கள் வீட்டில் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தீர்கள் என்று தெரியும். இல்லை. கலா இரவு வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில், உள்ளே துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். குண்டு மட்டும் ஆட்களின் உடம்போடு உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பாள். முதல் மாதச் சம்பளத்தில் ஊழியர் தள்ளுபடி உண்டு என்று முதலாளி சொன்னதை வீட்டில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பேச்சு அன்றோடு சரி. அந்தப் பணத்தில் கிரைண்டர் வாங்கினோம், இட்லி நன்றாக வருகிறது.

எழுத உட்கார்ந்த காரணமே இனிமேல்தான். போன மாதம் ஒரு பெண்மணி, செத்துப்போன தன் அப்பாவின் பிஸ்டல் என்று பழைய ஒன்றைக் கொண்டுவந்தார். பிரவுனிங் ஹைபவர், இரண்டாம் உலகப் போரில் கனடாவின் டொரான்டோவில் இங்லிஸ் கம்பெனி செய்தது. எடுத்தவுடன் கை அதை அடையாளம் கண்டுகொண்டது. ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்து நம் ராணுவத்துக்குக் கொடுத்தார்களே 9 மில்லிமீட்டர் 1ஏ, நீங்கள் கோத்தில் எண்ணிப் பூட்டியது, அதன் அண்ணன் இது. பதின்மூன்று தோட்டா மேகசின், அதே வளைவுப் பிடி. எனக்குப் பத்து வயதில் எம்.இ.ஜி. ராணுவ மைதானத்து ஆயுதக் கண்காட்சிக்கு அழைத்துப்போய், காலிப் பிஸ்டலை ஒரு நிமிடம் கையில் கொடுத்தீர்கள். "காலியாக இருந்தாலும் யார் பக்கமும் திருப்பாதே" என்று என் மணிக்கட்டை விடவே இல்லை.

ஒரு ஸ்பிரிங் மாற்றினேன், துருவை எடுத்தேன். சுட்டுப் பார்த்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது கடை வழக்கம். முதல் மேகசின் முடிவதற்குள் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியான குதிரை பின்னால் வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் தோலைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. ஹைபவருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று முதலாளி பஞ்சு கொடுத்தார்.

மாமா, உங்கள் வலது கையில் அதே இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கம்பி வேலியில் கிழித்துக்கொண்டது என்று அத்தையிடம் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறீர்கள். என் கையில் கட்டைப் பார்த்துக் கலா கேட்டபோது, நானும் யோசிக்காமல் லேத்தில் பட்டது என்றுதான் சொன்னேன். உண்மையில் அது என்ன வேலி?

அம்மாவின் சர்க்கரை எண்ணை மறக்காமல் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகன்,
சேகர்

பி.கு.: படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மா கடிதம் எங்கே என்று கேட்டால், கிரைண்டர் வாங்கியதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கள்.