ஆறு சிப்பம் எடையுள்ள கிழங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுமத்ராக் காட்டில் வளரும் ராட்சதச் செடியான டைட்டன் ஆரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதன் கிழங்கு எத்தனை குழந்தை கனம், எத்தனை ஆட்டுக்குட்டி கனம் என்று செடிப் பிரியர்கள் பேசிச் சிரிப்பதை ‘விளையாட்டுப் பேச்சு’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தக் கிழங்கை வளர்த்தவர்களுக்கு உண்மையிலேயே தராசு போதாமல் போயிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவுக்கு 2003இல் நெதர்லாந்தின் லெய்டனிலிருந்து ஒரு கிழங்கு வந்தது. அப்போது அது ஆரஞ்சுப்பழ அளவுதான். 2010இல் நிறுத்தபோது 153.9 கிலோ! பூங்காவின் தராசு தாங்காது என்று விலங்குக் காட்சிசாலையில் இரவல் வாங்கி நிறுத்தார்கள். மிருகங்களுக்கான தராசில் ஒரு கிழங்கை ஏற்றிய பிறகு ஆட்டுக்குட்டிக் கணக்கு பேசாமல் வேறு எதைப் பேசுவது?

இதை என் அம்மாவிடம் சொன்னேன். கிலோ அவருக்குப் பிடிபடவில்லை. “சிப்பக் கணக்குல சொல்லுடா” என்றார். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஆறு, அதற்குமேல் நாலு கிலோ என்றேன். அப்புறம் அவரே விரல்விட்டு எண்ணி, “அப்ப பதிமூணரை மணங்கு” என்றார். கிலோ வருமுன் இருந்த பழைய எடைக் கணக்கில், எட்டு வீசை ஒரு மணங்கு (சுமார் பதினொன்றேகால் கிலோ) என்று படித்த தலைமுறை. அந்தக் கணத்தில்தான் அந்தக் கனம் அவருக்கும் எனக்கும் கையில் இறங்கியது. எண்ணை நாம் தூக்கிப் பழகிய பொருளாக மாற்றிப் பார்ப்பது அறிவின் வேலைதான். செடிப் பிரியர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் வேண்டும். ‘உலகின் மிகப்பெரிய பூ’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஒற்றைப் பூ இல்லை, மஞ்சரி, அதாவது பல பூக்கள் சேர்ந்த கொத்து. நடுத்தண்டின் அடியில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் மடலுக்குள் மறைந்திருக்கின்றன. தனிப்பூவில் பெரியது ரஃப்லீசியா. இரண்டும் சுமத்ராவில் வளர்பவை. குழப்பம் அதனால் வந்திருக்கலாம்.

என் உண்மையான வருத்தம் வேறு. மஞ்சரி எத்தனை அடி உயரம் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள் கிழங்கின் எடையை எங்குமே போடவில்லை. மஞ்சரி விரிந்து நிற்பது இரண்டு மூன்று நாள். அதற்குள் தண்டு மனித உடம்பின் சூட்டுக்கு ஏறி, அழுகிய இறைச்சி வாடையைப் பரப்பி, வண்டையும் ஈயையும் வரவழைத்துவிட்டுச் சாய்ந்துவிடும். அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் மண்ணுக்குள் வருஷக்கணக்காகச் சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு இலை, சிறு மரம்போல எழுந்து, வெயிலைத் தின்று, கிழங்கைப் பெருக்கிவிட்டு மடிகிறது. எடின்பரோக் கிழங்கு 153.9 கிலோ ஆன பிறகும் பூக்கவில்லை. முதல் மஞ்சரி வந்தது 2015இல். பன்னிரண்டு வருஷக் காத்திருப்பை உயரத்தை வைத்து எப்படிச் சொல்வது?

மாடியில் சாக்கில் சேனை வளர்ப்பவன் என்பதால் இதில் எனக்குப் பாசம் அதிகம். நம் சேனைக்கிழங்கும் அதே பேரினம்தான். புளி விட்டு வேகவைத்து அரிப்பை அடக்கிச் சாப்பிடுகிறோமே, அதன் நெருங்கிய உறவுதான் சுமத்ராக் காட்டில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. தோண்டாமல் விட்ட சேனை ஒருமுறை கோடையில் பூத்தபோது, எலி செத்துக் கிடக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் மாடியில் கருஞ்சிவப்பு மடலோடு அது நின்றது. அம்மா அதை வெட்டவிடவில்லை.

அடுத்தமுறை எங்காவது டைட்டன் ஆரம் பூத்த செய்தி போடும்போது, கிழங்கை நிறுத்திருந்தால் அந்த எடையையும் உயரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மணங்குக் கணக்கும் சேர்த்துப் போட்டால் அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்,
கும்பகோணம்.