அரைநாள் என்றாலும் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை முடிகிற வாரத்திலும் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் பாடசாலை 1.30 வரை நடக்காமல் முற்பகலிலேயே விடுவதுண்டு. ‘இன்றைக்குப் போய் என்ன படிக்கப் போகிறான்’ என்று வெள்ளவத்தையில் பல வீடுகளில் பிள்ளையை மறித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு நடுப்பகலில் வான் பிடிப்பது பெரும்பாடுதான். ஆனால் அன்றுதான் ரீச்சர் திருத்திய விடைத்தாளைக் கையில் தந்து, எங்கே பிழைத்தது என்று காட்டுகிறார். வராத பிள்ளைக்கு அதை யார் சொல்வது? உயர்தரப் பரீட்சைக்கு 80 சதவீத வரவு கேட்கிறார்கள். அந்தப் பழக்கம் சிறுவயதிலேயே வரவேண்டாமா? காய்ச்சல் என்றால் சரி, நிற்கட்டும். ரியூஷனுக்காக மறிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாடசாலைகளும் விடும் நேரத்தை முதல் நாளே அறிவித்தால் வான்காரருக்கும் வசதி.

ஒரு தாய்,
வெள்ளவத்தை.