கைபேசி வழி உள்நுழைவு தடைபடும்போது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அல்சூர், பெங்களூரு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அல்சூர், சிவாஜிநகர், இந்திராநகர் பகுதிகளில் கணினிப் பராமரிப்பை எங்களிடம் ஒப்படைத்திருக்கும் அலுவலகத்தாரும் வீட்டாரும் அண்மைக்காலமாக எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "போன் பக்கத்திலேயே இருக்கிறது, புளூடூத்தும் ஆனில் இருக்கிறது, பிறகு ஏன் கம்ப்யூட்டர் உள்ளே விடமாட்டேன் என்கிறது?" உடனே பலரும் கைபேசியைக் கணினியின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பார்க்கிறார்கள். சில கோளாறுகளுக்கு அது தீர்வுதான் என்றாலும், பெரும்பாலான கோளாறுகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏன் என்பதை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

விண்டோஸ் கணினியில் பூட்டுவது, உள்நுழைவது தொடர்பாகக் கைபேசியும் புளூடூத்தும் சேர்ந்து செய்யும் வேலைகள் இரண்டு. முதலாவது, நீங்கள் கைபேசியோடு எழுந்து வெளியே போனால் கணினி தானாகப் பூட்டிக்கொள்வது. 2017ஆம் ஆண்டு விண்டோஸ் 10இல் வந்த இந்த வசதி பூட்டுவதற்கு மட்டுமே உரியது. நீங்கள் திரும்பி வந்ததும் அது திறந்துவிடாது. பின் எண்ணோ, விரல் ரேகையோ, முக அடையாளமோ மறுபடி கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே "பூட்டுகிறது, ஆனால் திறக்கவில்லை" என்பது பழுதன்று. பூட்டவே இல்லை என்றால்தான் கைபேசியை இரு பக்கமும் நீக்கிவிட்டு மீண்டும் இணைக்க வேண்டும். இணைப்பு இல்லாமல் இந்த வசதி இயங்காது.

இரண்டாவது, மின்னஞ்சல், வங்கி, அலுவலகக் கணக்கு போன்றவற்றுக்குள் நுழையும்போது கணினித் திரையில் ஒரு கியூஆர் குறி தோன்ற, அதைக் கைபேசியால் வருடி (ஸ்கேன் செய்து), கைபேசியில் விரல் வைத்து உள்ளே போவது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும், பாஸ்கீ எனப்படும் இந்த முறையில் கைபேசியும் கணினியும் முன்கூட்டி இணைந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. குறியை வருடியவுடன் கைபேசி புளூடூத் வழியே மறையீடு செய்யப்பட்ட ஒரு சிறு அறிவிப்பை வெளியிடும். அக்குறியைக் காட்டிய கணினி அதைக் கேட்டால், கைபேசி உண்மையிலேயே அருகில் இருக்கிறது என்பது உறுதியாகும். அதற்குப் பிறகு நடக்கும் உரையாடல் முழுவதும் இணையத்தின் வழியே, இரு கருவிகளுக்கும் நடுவே தகவலைக் கைமாற்றும் கூகுள் அல்லது ஆப்பிள் நிறுவனத்தின் இடைச் சேவையகம் (சர்வர்) மூலமாக நடைபெறுகிறது. எங்கோ இருக்கும் ஒரு மோசடிக்காரர் தம் கணினியில் தோன்றிய குறியை உங்களுக்கு அனுப்பி வருடச் சொன்னாலும், உங்கள் கைபேசி அவர் கணினிக்கு அருகில் இல்லாததால் அவரால் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியாது. இந்தப் பாதுகாப்புக்காகத்தான் புளூடூத் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொல்லை என்று எண்ணிப் பாஸ்கீயைக் கைவிட்டுப் பழைய கடவுச்சொல்லுக்கே திரும்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவும் தெரிந்தால் பழுது எங்கே என்பதும் தெரியவரும். இரு கருவிகளிலும் புளூடூத் இயங்க வேண்டும், இரண்டிலும் இணையம் இருக்க வேண்டும். கைபேசி ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்டதாகவோ, ஐஓஎஸ் 16 அல்லது அதற்கு மேற்பட்டதாகவோ இருப்பதோடு, திரைப்பூட்டும் போடப்பட்டிருக்க வேண்டும். குறியை வருடியதும் 'ஃபிடோ' என்று ஆங்கிலத்தில் தொடங்கி நீண்ட எண்வரிசை மட்டும் தோன்றினால், நீங்கள் பயன்படுத்திய வருடும் செயலிக்கு இக்குறி புரியவில்லை என்று பொருள். கைபேசியோடு வந்த கேமராவையோ கூகுள் லென்ஸையோ பயன்படுத்துங்கள். மேக் கணினியில் குரோம் உலாவி வைத்திருப்போர், அவ்வுலாவிக்குப் புளூடூத் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று தனியுரிமை அமைப்புகளில் பார்க்க வேண்டும்.

மேசைக் கணினி வைத்திருப்போருக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல மேசைக் கணினிகளில் புளூடூத் உள்ளமைந்திருப்பதில்லை, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலையில் வாங்கிய, புளூடூத் வசதி தரும் சிறு யுஎஸ்பி டாங்கிளைப் பின்புறத்தில் செருகியிருப்பார்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, யுஎஸ்பி 3.0 வன்தட்டுக்குப் பக்கத்திலேயே அது இருந்தால் நன்றாக இயங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. யுஎஸ்பி 3.0 கருவிகளும் கம்பிவடங்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே விளக்கி வெளியிட்டிருக்கிறது. புளூடூத்தும், பழைய வைஃபையும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ஒரு குட்டையான யுஎஸ்பி நீட்டிப்பு வடம் வாங்கி டாங்கிளை மேசை மேலே கொண்டுவந்தாலே பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. புதிய டாங்கிள் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். மடிக்கணினியில் உள்ளமைந்த புளூடூத் இருக்கும்போதே டாங்கிளையும் செருகியிருந்தால், இரண்டில் ஒன்றை விண்டோஸின் சாதன மேலாளரில் (டிவைஸ் மேனேஜர்) முடக்கிவிடுங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் கருவியைத்தான் சரியாகக் கையாளும்.

வீட்டிலிருந்தபடி அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவோர் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. குறி தோன்றுவது உங்கள் வீட்டுத் திரையில் என்றாலும், அதை உருவாக்கியது ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கும் கணினியானால், உங்கள் கைபேசியின் அறிவிப்பு அங்கே எட்டாது. விண்டோஸின் புதிய பதிப்புகளில் இக்கோரிக்கையை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் வசதி இருக்கிறது. அதை இயக்கித் தரும்படி உங்கள் நிறுவனத்தின் ஐடி பிரிவைக் கேளுங்கள். நிறுவனத்தின் ஃபயர்வால் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் பாதுகாப்பு அமைப்பு) மேலே சொன்ன இடைச் சேவையகங்களைத் தடுத்திருந்தாலும் குறியை வருடிய பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிடும். கணினியைச் சிறிது நேரம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் தடை அங்கேதான் என்பது தெரிந்துவிடும்.

எதிலும் சேராத கோளாறு என்றால் கணினியை 'ஷட் டவுன்' செய்வதற்குப் பதிலாக 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். வேகத் தொடக்க வசதி (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) இயங்கும் விண்டோஸில் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அன்று. புளூடூத்தை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) பழைய நிலையிலேயே திரும்ப எழக்கூடும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். கைபேசி தொலைந்தாலோ பழுதுக்குப் போனாலோ கணக்கு பூட்டியபடி நிற்காமலிருக்க, இரண்டாவது கருவி ஒன்றிலும் பாஸ்கீ உருவாக்கி வையுங்கள். கைபேசி இல்லாதபோது கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு ஆவணங்களோடு பத்திரப்படுத்துங்கள். மாதக் கடைசியில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளில் உள்நுழைய முடியாமல் தவிக்கும் தணிக்கையாளர் அலுவலகங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

எங்களை அழைக்கும்போது திரையில் வந்த செய்தியின் படம், கைபேசி மற்றும் கணினியின் பதிப்பு எண், கணினி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் ஆகியவற்றை அனுப்பினால் பல நேரங்களில் தொலைபேசியிலேயே முடித்துவிடலாம். பின் எண்ணையோ கடவுச்சொல்லையோ எங்கள் பணியாளர் எவரும் கேட்கமாட்டார்கள். நேரில் வந்தாலும் அவற்றை நீங்களே உள்ளிட வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் கணினிப் பராமரிப்பு நிலையத்தார்