முதலுதவிப் பெட்டிகளில் உள்ள காலாவதியான காயக்கட்டுகள் குறித்துத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
முதலுதவிப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை

பொருள்: முதலுதவிப் பெட்டிகளில் காலாவதியான, கிருமி நீக்கிய காயக்கட்டுகளை அகற்றுவதற்கும், அவசர நேரத்தில் அவற்றைப் பயன்படுத்துவதற்கும் எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதல் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் பணிபுரியும் இடத்தில் சக ஊழியர் ஒருவரின் முன்கையை உடைந்த கண்ணாடி ஆழமாகக் கிழித்துவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த காஸ் (காயத்தின்மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணி) பொட்டலங்கள் அத்தனையும் காலாவதியாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. தேதியைப் பார்த்த மேற்பார்வையாளர் அதைப் போடக் கூடாது, பின்னால் பிரச்சினையாகிவிடும் என்று தடுத்தார். அருகில் நின்ற இன்னொருவர் வெறும் துணிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்றார். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் இரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. கடைசியில் நானே ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தேன். மருத்துவமனையில் தையல் போடப்பட்டு அந்தக் காயம் நல்லபடியாக ஆறியது.

மறுநாள் அந்தப் பெட்டியை முழுவதுமாகக் கொட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த மூன்று பொட்டலங்களின் காகித உறையில் நீர்க்கறை படிந்திருந்தது. அவற்றுள் ஒன்றின் விளிம்பு தானாகவே வாய் பிளந்திருந்தது. முந்தைய நாள் பதற்றத்தில் என் கைக்கு அந்தப் பொட்டலமே அகப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை. இந்த மனுவை எழுதத் தூண்டியதும் அதுவே.

கிருமி நீக்கிய காயக்கட்டு என்பது உறைக்குள் வைத்து மூடப்பட்ட பிறகு எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ, காமா கதிர்களாலோ, நீராவியாலோ கிருமி நீக்கம் செய்யப்படும் பொருள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பத்து லட்சம் பொட்டலங்களில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள நுண்ணுயிர் எஞ்சியிருக்கும் வாய்ப்பு இருக்கக் கூடாது என்பதே அதற்கான அளவுகோல். அப்படி மூடிய உறைக்குள் தேதி கடந்ததனால் மட்டும் கிருமி புதிதாகத் தோன்றிவிடுவதில்லை. உறையும் அதன் ஒட்டும் எத்தனை காலம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சோதித்து உறுதியளிக்கிறாரோ அந்தக் காலத்தின் எல்லையே, பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் வரை குறிக்கப்படும் அந்தத் தேதி. ஆனால் அந்த உறுதி, சொல்லப்பட்டபடி உலர்ந்த, மிதமான வெப்பமுள்ள இடத்தில் வைத்திருப்பதைப் பொறுத்தது. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உட்புறம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அங்கே கிடக்கும் பெட்டியில் ஒட்டு தளர்கிறது, காகிதம் நொறுங்கும் நிலைக்கு வருகிறது. காகிதம் ஒருமுறை நனைந்தால் அந்த ஈரத்தின் வழியே நுண்ணுயிர் உள்ளே சென்றுவிடும். பிறகு உலர்ந்தாலும் கறை ஒன்றே சாட்சியாக மிஞ்சும். ஆகவே தேதி முடியாத, ஆனால் உறை கிழிந்த பொட்டலத்தை நம்புவது, தேதி முடிந்தும் உறை கெடாத பொட்டலத்தை நம்புவதைவிட ஆபத்தானது. அன்று எங்களில் ஒருவர்கூட உறையைப் பார்க்கவில்லை. எல்லோரும் தேதியை மட்டுமே பார்த்தோம்.

எல்லாப் பொருள்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தீக்காயத்துக்கான ஜெல் கட்டுகளும் கிருமிநாசினித் துடைப்புத் தாள்களும் காலப்போக்கில் உலர்ந்து பயனற்றுப் போகின்றன. பிளாஸ்திரியின் பசை பிடிப்பை இழக்கிறது. மருந்து தோய்த்த கட்டுகளில் மருந்தே வீரியம் குறைகிறது. இவற்றில் உறை நன்றாக இருப்பதால் மட்டும் பயனில்லை. மேலே நான் சொன்னது மருந்து எதுவும் சேராத காஸ், பஞ்சுத் திண்டு போன்றவற்றுக்கு மட்டுமே. அவற்றிலும் கண் காயம், தீக்காயம், நீரிழிவு நோயாளியின் புண் ஆகியவற்றுக்குத் தேதி முடியாத கட்டுக்கே முதலிடம் தர வேண்டும். பீறிடும் இரத்தத்தை நிறுத்துவதோ வேறு கணக்கு. கிருமி நீக்கிய கட்டு எதுவும் கிடைக்காதபோது சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கச் சொல்லியே முதலுதவிப் பயிற்சியில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்; அப்படியிருக்க, உறை கெடாத காஸ் தேதி முடிந்தது என்பதற்காக ஒதுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே தங்கள் துறை ஒரே சுற்றறிக்கையில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவதாக, காலாவதியான எந்தப் பொருளையும் பெட்டியின் இருப்பாகக் கணக்கிடக் கூடாது. மாதம் ஒருமுறையும் ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் பெட்டியைச் சரிபார்த்துக் கையொப்பமிட ஒருவர் பெயரிட்டு நியமிக்கப்பட வேண்டும். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடப்பட்ட பெட்டிதான் எங்கள் பெட்டி. இரண்டாவதாக, பெட்டியில் வேறு இல்லாத நிலையில், உலர்ந்து, கிழியாமல், ஒட்டுப் பிரியாமல் இருக்கும் காலாவதியான காஸை இரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்தலாம் என்றும், அதைச் சிகிச்சை அளிப்பவரிடம் தெரிவித்து விரைவில் புதிய கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும், நல்லெண்ணத்தோடு அப்படிச் செய்தவர் மீது நடவடிக்கை கூடாது என்றும் அந்தச் சுற்றறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அன்று மேற்பார்வையாளரைத் தடுத்தது இரக்கமின்மை அல்ல, பயம்தான். எழுத்தில் ஓர் ஆணை இருந்திருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது.

பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுவதற்குப் படங்களுடன் ஒரு பக்க விளக்கமும் தேவை. மணற்கடிகாரக் குறி காலாவதித் தேதியையும், தொழிற்சாலைக் குறி தயாரிப்புத் தேதியையும், கோடிட்டு அடிக்கப்பட்ட 2 என்ற எண் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதையும் காட்டுகின்றன என்று பலருக்குத் தெரிவதில்லை. தயாரிப்புத் தேதியைக் காலாவதித் தேதி என எண்ணி நல்ல பொட்டலங்களை எறிந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அகற்றப்படும் பொட்டலங்கள் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுதப்பட்டுப் பயிற்சி வகுப்புகளுக்குத் தரப்படலாம். ஆனால் அவை நிவாரணப் பொருளாகவோ நன்கொடையாகவோ வேறிடங்களுக்கு அனுப்பப்படுவதைத் தடை செய்யுமாறும் வேண்டுகிறேன். நமக்கு ஆகாது என்று ஒதுக்கியதை இன்னொருவர் புண்ணுக்கு அனுப்புவது தானமாகாது.

அந்த விபத்துக்குப் பிறகு எங்கள் பெட்டிக்காக நான் தயாரித்த மாதாந்திரச் சரிபார்ப்புத் தாளின் படி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் துறையின் மருத்துவர்கள் அதைத் திருத்தி, பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக்கி வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: சரிபார்ப்புத் தாள், 1 பக்கம்