ஒரு ஃபார்ம், ஒரு கட்டம், ரெண்டு குடும்பம்

அடியே லலி,

நல்லா இருக்கியா, முட்டி வலி எப்படி, உங்க வீட்டுக்காரர் சுகர் கன்ட்ரோல்ல இருக்கா, எல்லாத்துக்கும் தனியா பதில் போடு. இப்ப எழுதறது வேற விஷயம், உன்கிட்ட கொட்டலன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும்.

பேத்தியை ஸ்கூல்ல சேர்க்கப் போனாங்க. ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டம். என் பொண்ணு ஒண்ணு, மாப்பிள்ளை வேற ஒண்ணு, உனக்குச் சொல்லணுமா, கல்யாணத்தப்ப ரெண்டு சம்பந்திக்கும் நடுவுல ஐ.நா. சபை மாதிரி உட்கார்ந்திருந்தவ நீதானே. மாப்பிள்ளை பொடி எழுத்துல ரெண்டையும் எழுதி நடுவுல ஒரு கோடு போட்டிருக்காரு. கவுன்டர்ல இருந்த பொண்ணு மரியாதையாத்தான் சொல்லிச்சாம், ஒண்ணுதான் சார் போடணும், சிஸ்டம் ரெண்டு எடுக்காதுன்னு. சரி காலியா விடுங்கன்னா, காலியா விட்டா அடுத்த பக்கமே வராதாம். அவ்ளோதான். இத்தனை நாள் ரெண்டு வீட்டுப் பண்டிகைக்கும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் வந்து போனாங்க, அந்த ஒரு கட்டம் வந்ததும் ஃபேமிலி குரூப்ல ஆளாளுக்கு பாரா பாராவா டைப் பண்றாங்க.

அதுல ஹீரோ யாருன்னு நினைக்கற? என் கொழுந்தனார்! சாமி கும்பிட்டு எந்தக் காலமோ ஆச்சு, சின்ன வயசுல அத்தை கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாக்கூட வாசல்லயே நின்னுடுவாருன்னு அவங்களே சொல்லுவாங்க. இப்ப என்னடான்னா தினம் காலையில போன், "நம்ம அடையாளம் போயிடும் அண்ணி"ன்னு. நம்பிக்கை துளி கிடையாது, அடையாளம் மட்டும் வேணுமாம். எனக்கு உடனே நம்ம தாடி வாத்தியார் கிளாஸ் ஞாபகம் வந்துடுச்சு, நீ கடைசி பெஞ்ச்ல தூங்குவியே, அதே கிளாஸ்தான்.

பீட்டர் பெர்கர்னு ஒரு சமூகவியல் அறிஞரைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரே. அந்த ஆள் 1960கள்ல, உலகம் நவீனமாக ஆக, பல மதங்கள் பக்கத்துல பக்கத்துல வர வர, மதப்பிடிப்பு தளர்ந்துடும்னு எழுதினாரு. அப்புறம் 1999ல அவரே, நான் சொன்னது தப்பு, உலகத்துல பெரும்பகுதி முன்னாடி மாதிரியே தீவிரமா மதத்தோடதான் இருக்குன்னுட்டாரு. ஆனா அவர் சொன்ன இன்னொண்ணை மட்டும் அவர் விடவே இல்ல. முன்னாடி மதங்கறது பொறந்தா வந்து ஒட்டிக்கற விதி, இப்ப அது விருப்பம். பக்கத்து வீட்டுக்காரன் வேற மாதிரி கும்பிட்டுட்டு நல்லபடியா வாழறதைப் பார்த்தா, நம்மளோடதும் பலதுல ஒண்ணுதான்னு தெரிஞ்சு போயிடுது. அது தெரிஞ்சதும் சிலபேர் லேசா ஆயிடறாங்க, சிலபேர் இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கறாங்க. கொழுந்தனார் ரெண்டாவது கோஷ்டி.

ஆனா எனக்கு நிஜமான கவலை அவர் இல்லடி. எல்லா மதமும் சம்மதம்னு நாம எல்லாருமே சொல்றோம், அவனவன் அவனவன் கட்டத்துல இருக்கறவரைக்கும்தான் அந்த சம்மதம். ஒருத்தர் ரெண்டு கட்டத்துல கால் வெச்சா கவர்மென்டுக்கும் பிடிக்கல, சொந்தக்காரங்களுக்கும் பிடிக்கல. ஜப்பானைப் பாரேன், ஒவ்வொரு மத அமைப்பும் தர்ற கணக்கைக் கூட்டினா 16 கோடிக்கு மேல வருது, அங்க ஜனத்தொகையே 12.5 கோடிக்குப் பக்கம்தான். ஒரே குடும்பத்தை அவங்க ஊர்ப் பழைய மதமான ஷிண்டோவோட கோயிலும் தன் கணக்குல எழுதிக்குது, புத்தர் கோயிலும் எழுதிக்குது. அதுக்காக யாரும் சட்டையைப் பிடிச்சுக்கல.

அப்படியே லெபனானுக்கு வா. அங்க கடைசியா மதவாரியா ஜனங்களை எண்ணினது 1932ல. அதுக்கப்புறம் அதிகாரபூர்வமா எண்ணவே இல்ல, ஏன்னா ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா, பார்லிமென்ட் சீட்டும் மதவாரிதான். முதல்ல கிறிஸ்தவங்களுக்கு ஆறுன்னா முஸ்லிம்களுக்கு அஞ்சு, உள்நாட்டுச் சண்டையை முடிக்க 1989ல போட்ட தாயிஃப் ஒப்பந்தத்துக்கப்புறம் சரிபாதி. மறுபடி எண்ணினா மொத்த ஏற்பாடும் ஆடிப்போயிடும்னு பயம். தலைக்கு இவ்ளோன்னு பங்கு வந்துட்டா அப்புறம் ரெண்டு பக்கமும் இருக்கற ஆளுக்கு அங்க என்ன இடம்?

நக்கலடிச்சவங்களும் இருக்காங்க. 2001ல இங்கிலாந்து, வேல்ஸ் சென்சஸ்ல மதக் கேள்வி வந்தப்ப, சுமார் 3,90,000 பேர் "ஜெடை"ன்னு எழுதிக் குடுத்தாங்க, ஸ்டார் வார்ஸ் சினிமாவுல ஒளி வாளோட வர்ற அதே ஜெடை வீரர்கள்தான். கடைசியில அவங்களை மதமில்லாதவங்க கணக்குல சேர்த்தாங்க. மாப்பிள்ளைகிட்ட இதைச் சொன்னேன், அவர் கண்ணு மின்னினதைப் பார்த்து எனக்கே பயம் வந்துடுச்சு.

சம்பந்தியம்மா மட்டும்தான் இதுல வாயே திறக்கல. அமெரிக்காவுல புட்னம், கேம்பெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010ல சொன்னாங்க, அங்க மதங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதுக்குக் காரணம் பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் ஒரு சூசன் அத்தை இருக்காங்க, வேற மதம், ஆனா அவ்ளோ நல்ல மனுஷி, அவங்க நரகத்துக்குப் போவாங்கன்னு நம்ப மனசு வராதுன்னு. எனக்கு சூசன் அத்தை அந்தம்மாதான். போன மாசம் நான் காய்ச்சல்ல கிடந்தப்ப தலைமாட்டுல உட்கார்ந்து அவங்க பிரார்த்தனையை எனக்காக முணுமுணுத்தாங்க, கொழுந்தனார் "கெட் வெல் சூன்" ஸ்டிக்கர் அனுப்பினாரு. ஆனா ஒண்ணு, எல்லா வீட்லயும் ஒரு சூசன் அத்தை வர்றதுக்கு முதல்ல கல்யாணமோ நட்போ கட்டம் தாண்டணும்ல? தெருத் தெருவா தனித்தனியா குடியிருந்துட்டு அது எப்படி நடக்கும், நீயே சொல்லு.

உன் நாத்தனார் பையன் கதையும் இதேதானே, அவங்க குழந்தைக்கு என்ன போட்டாங்கன்னு கேட்டுச் சொல்லு. வாய்ஸ் மெசேஜ் அனுப்பாத, நீ பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்ட. அப்புறம் தாடி ரிட்டயர் ஆகி பொண்ணு வீட்ல இருக்காராம், நம்பர் கிடைச்சா அனுப்பு, கொழுந்தனாரை அவர்கிட்ட கோத்து விட்டுடலாம்னு இருக்கேன்.

உன்
குண்டம்மா